டொரதி டீச்சரும் கணக்கும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு ஆசிரியர் தராதரப் பத்திரப் பரீட்சையில் டொரதி தவறினாள். தமிழ், சரித்திரம், சுகாதாரம், தையல் எல்லாம் நன்றாகவே செய்திருந்தாள். கணக்கு மட்டும் காலை வாரிவிட்டது. ஒரு பாடத்தில் தவறினாலும் முழுவதும் தவறியதாகத்தான் கொள்வார்கள்.

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. பிலிமத்தலாவையில் கொழும்பு வீதியை ஒட்டி, கத்தோலிக்கக் கோவிலுக்குப் பின்னால் இருந்த சிறிய தமிழ்ப் பாடசாலையில் உதவி ஆசிரியையாக இருந்தாள். ஓடு போட்ட ஒரே மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது. கரும்பலகைகளைக் குறுக்கே நிறுத்தியிருப்பார்கள். கடைக்காரர் பிள்ளைகள், பக்கத்துத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைமார் பிள்ளைகள், ரெயில்வே வேலைக்காரர் பிள்ளைகள் என்று பலரும் அங்கே படித்தார்கள். கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே வாங்கில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள்.

டொரதி பன்வில பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அப்பா வின்சன்ட் தேயிலைத் தொழிற்சாலையில் கிளாக்கராக இருந்தார். அவர் காலமான பிறகு அம்மா அந்தோனியம்மா மகளைக் கண்டியில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, தானும் அங்கேயே சமையலறையில் வேலை செய்து அவளைப் படிக்கவைத்தாள். அங்கே கணக்குப் படிப்பித்த சிஸ்டர் ஒருநாள், "உனக்குக் கை வேலைதான் வரும், டொரதி. கணக்கு வராது" என்று சொன்னார். திட்டிச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புக்காகவே டொரதி அதை அப்படியே நம்பிவிட்டாள். பிறகு கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம், அடுத்த வீட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதுபோல அவளுக்கு ஒரு கூச்சம்.

பரீட்சை முடிவு வந்த அன்று தலைமை ஆசிரியர் மத்தியாஸ் மாஸ்டர் அவளை மண்டபத்து மூலைக்குக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த தேகம், அதிகம் பேசமாட்டார். பிரம்பை மேசையில் வைத்திருப்பாரே தவிர அடிக்கடி எடுப்பதில்லை.

"நீங்கள் தவறினது பிள்ளையளுக்குத் தெரிய வேண்டாம்" என்றார் தாழ்ந்த குரலில். "எங்களுக்குள்ள இருக்கட்டும். அடுத்த முறை எழுதலாம்."

அவள் தலையை ஆட்டிவிட்டுத் தன் வகுப்புக்குப் போனாள். மூன்றாம் வகுப்பு. முதல் பாடமே கணக்கு.

அந்த வகுப்பில் முன் வாங்கில் வடிவம்மா என்ற பெண் இருந்தாள். அரிசிக் கடை அழகையாவின் மகள். டொரதி கணக்கை எழுதிப் போட்டுவிட்டுச் சோக்குக் கட்டியைக் கீழே வைக்குமுன் இவள் விடையைச் சொல்லிவிடுவாள். பின் வாங்கின் ஓரத்தில் தாஸிம். அவனுடைய வாப்பா மக்கீன் சந்தியில் தேநீர்க்கடை வைத்திருந்தார். தாஸிம் சிலேட்டில் ஒன்றும் எழுதமாட்டான். கேள்வி கேட்டால் எழுந்து நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான். போன வருஷம் அவன் தாய் ஆஸியா உம்மா வந்து மகனின் படிப்பைப் பற்றி விசாரித்தபோது டொரதிதான் சொன்னாள்: "நல்ல புள்ள. ஆனா கணக்கு வராதும்மா." அந்தத் தாய் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போனது இப்போதுதான் டொரதிக்கு நினைவுக்கு வந்தது. சிஸ்டர் தனக்குச் சொன்ன அதே சொல்லைத் தானும் யோசிக்காமல் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்குக் கழித்தல் கணக்கு. முந்நூறிலிருந்து நூற்றெழுபத்தெட்டைக் கழிக்க வேண்டும். தாஸிமின் சிலேட்டில் மேலே எழுதிய இரண்டு எண்கள் மட்டும் இருந்தன. வழக்கமாக டொரதி அந்த வாங்கைத் தாண்டிப் போய்விடுவாள். அன்று அவன் பக்கத்தில் குந்தினாள்.

"எந்த இடத்துல நின்னுட்ட?" என்று கேட்டாள்.

அவன் அவள் வாயையே பார்த்தான். அவள் இன்னொரு தடவை சத்தமாகக் கேட்டாள். அவன் விரலால் நடுவிலிருந்த சைபரைத் தொட்டான்.

"பக்கத்து இலக்கத்துக்கிட்டக் கடன் வாங்கச் சொன்னீங்க டீச்சர். அதுக்கிட்டத்தான் ஒண்டும் இல்லயே."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. வடிவம்மாவின் சிரிப்புத்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. டொரதிக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி. இல்லாதவனிடம் எப்படிக் கடன் வாங்குவது? இத்தனை காலமும் "அடுத்ததில் வாங்கு, ஒன்பதைப் போடு" என்று வாய்ப்பாடுபோல ஒப்பித்திருக்கிறாளே தவிர, ஏன் ஒன்பது வருகிறது என்று அவளும் யோசித்ததில்லை.

அவள் எழுந்து நின்றாள். யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. வாய் தானாகவே பேசிவிட்டது.

"சிரிக்காதீங்க. நானும் கணக்குல பெயில்தான். இன்னைக்குத்தான் முடிவு வந்துச்சு. நான் நின்ன இடமும் இந்த மாதிரி ஒரு இடந்தான். திரும்பப் படிச்சு எழுதப் போறேன். தாஸிமும் திரும்பச் செய்வான்."

பிள்ளைகளின் சிரிப்பு நின்றது. கரும்பலகைக்கு அந்தப் பக்கம் பாடம் நடத்திக்கொண்டிருந்த மத்தியாஸ் மாஸ்டரின் குரலும் நின்றுபோனது.

செய்தி மத்தியானத்துக்குள் கடைவீதி முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் காலையில் அழகையா நெற்றியில் திருநீறு காயுமுன் பாடசாலைக்கு வந்து சேர்ந்தார்.

"பெயிலான டீச்சரம்மாவா எங்க புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கிறது?" என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டார். "அவங்களே ஒத்துக்கிட்டாங்களாமே. அப்புறம் புள்ளைங்க எப்புடி மதிக்கும்?"

மத்தியாஸ் மாஸ்டர் அவருக்குக் கதிரை போட்டு உட்காரவைத்து, டீச்சர் இத்தனை வருஷமாக ஒழுங்காகப் படிப்பித்து வருகிறார், பரீட்சை என்பது வேறு விஷயம் என்று சமாதானம் சொன்னார். அழகையா முணுமுணுத்துக்கொண்டே போனார். வடிவம்மாவை நிறுத்தவில்லை. ஆனால் வேறு இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பக்கத்து ஊரான கடுகண்ணாவையில் சேர்த்துவிட்டன.

அன்று பள்ளி விட்டதும் மாஸ்டர் டொரதியிடம் வந்தார். "நான் சொல்ல வேண்டாம் எண்டு சொன்னனான்" என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.  பிறகு, "நாளைக்குத் தொடக்கம் பின்நேரத்தில எங்கட வீட்டுக்கு வாங்கோ. கணக்குச் சொல்லித் தாறன். மார்கிரட்டும் இருப்பா" என்றார்.

மார்கிரட் அவருடைய மனைவி. அப்படித்தான் டொரதி பாடசாலை முடிந்ததும் மாஸ்டர் வீட்டு விறாந்தையில் சிலேட்டோடு உட்காரத் தொடங்கினாள். மாஸ்டர் கணக்கில் புலி. ஆனால் சொல்லிக்கொடுப்பதில் அவருக்குப் பொறுமை போதாது. இரண்டு படியை ஒன்றாகத் தாண்டிப் போய்விட்டு, "விளங்கினதோ?" என்பார். முதல் சில வாரங்கள் அவள் விளங்காமலே "விளங்கிச்சு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் தன்னோடு இருந்த அம்மாவுக்குத் தெரியாமல் அழுதாள். தாஸிம் ஏன் வாசலைப் பார்க்கிறான் என்று அந்த நாட்களில்தான் அவளுக்குப் புரிந்தது. விளங்கவில்லை என்று சொல்லுகிறவனுக்கு, சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பதுதான் பயம்.

ஒருநாள் மார்கிரட் தேத்தண்ணீரை வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்து, "அந்தப் பிள்ளைக்கு விளங்கேல்லை. எனக்கே தெரியுது. உங்களுக்குத் தெரியேல்லையே?" என்றாள். மாஸ்டர் திடுக்கிட்டார். அதன் பிறகு டொரதிக்கும் துணிவு வந்தது. "இந்த இடத்துலதான் நிக்கிறேன் மாஸ்டர்" என்று விரலை வைத்துக் காட்டப் பழகினாள்.

வகுப்பிலும் அவள் ஒரு மாற்றம் செய்தாள். கணக்கை முதலில் முடிப்பவர்கள் கையைத் தூக்கக் கூடாது. முடிக்காத ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து உதவ வேண்டும். தாஸிமிடம் வடிவம்மா போனாள். கொஞ்ச நாளில் எல்லாச் சிலேட்டுகளிலும் சரியான விடை வரத் தொடங்கியது. டொரதிக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த வருஷக் கடைசியில் வித்தியாதரிசி வந்தார். பாடசாலைகளைச் சோதித்து அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதும் அதிகாரி அவர். அவர் வரும் நாளில் பின் வாங்குப் பிள்ளைகளை வீட்டில் நிற்கச் சொல்லுவது எழுதாத வழக்கம். டொரதியும் முன்பெல்லாம் அப்படிச் சொல்லியிருக்கிறாள். அந்த முறை சொல்லவில்லை. எல்லோரையும் முகம் கழுவி, தலை சீவி வரச் சொன்னாள். வித்தியாதரிசி சிலேட்டுகளைப் பார்த்து மெச்சிக்கொண்டே வந்து, தாஸிமைக் கரும்பலகைக்கு அழைத்தார். தாஸிம் சோக்குக் கட்டியை வாங்கிக்கொண்டு நின்றான். அவர் சொன்ன எண்களைத் தப்பாக எழுதினான். பிறகு எழுதவே இல்லை. இன்னும் நாலு பேரை அழைத்தார். அவர்களில் மூன்று பேர் அப்படியே நின்றார்கள்.

பிள்ளைகள் பார்த்து எழுதப் பழகியிருக்கிறார்கள் என்று அவர் அறிக்கையில் எழுதிவிட்டுப் போனார். பாடசாலைக்குப் பொறுப்பான பங்குச் சுவாமி மாஸ்டரைக் கூப்பிட்டு விசாரித்தார். மாஸ்டர் அதன் பிறகு பல நாள் டொரதியிடம் பாடசாலை விஷயம் தவிர வேறு ஒன்றும் பேசவில்லை. மாலைப் பாடமும் நின்றது.

டொரதி வடிவம்மாவிடம் கேட்டாள். கோபமாக அல்ல, அவளுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. வடிவம்மா ஒளிக்கவில்லை.

"சொல்லிக் குடுத்தா நேரமாகுது டீச்சர். எழுதிக் குடுத்தா சீக்கிரம் முடிஞ்சிரும்."

பிழை தன்னுடையதுதான் என்று டொரதிக்குத் தெரிந்தது. உதவி செய் என்று சொன்னாளே தவிர, உதவி என்றால் என்ன என்று அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றிலிருந்து வகுப்பில் புதிய கட்டளை. விடையைச் சொல்லக் கூடாது. மற்றவனுடைய சிலேட்டைத் தொடக் கூடாது. எந்த இடத்தில் நின்றது என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்.

சும்மா இருப்பதுதான் வடிவம்மாவுக்குப் பெரும் பாடாக இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் எழுந்துவந்து, "டீச்சர், நான் இந்தப் பக்கம் இருந்து கேட்டா பேசாம இருக்கான். அந்தப் பக்கம் இருந்து கேட்டா பதில் சொல்றான்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவனுக்கு இந்தக் காது கேக்கல போல" என்றாள்.

டொரதி தாஸிமைக் கூப்பிட்டு, அவனுக்குப் பின்னால் நின்று, இடப் பக்கமும் வலப் பக்கமும் மெதுவாகப் பெயர் சொல்லிப் பார்த்தாள். வலப் பக்கம் திரும்பினான். இடப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. வகுப்பில் சேர்ந்த நாள் முதல், தடுப்புச் சுவர் இல்லாத அந்த இரைச்சல் மண்டபத்தில், வலது காதைச் சுவரோரமாக வைத்துக்கொண்டு பின் வாங்கிலேயே அவன் உட்கார்ந்திருந்திருக்கிறான். உட்காரவைத்தவள் அவள்தான்.

மாலையில் மக்கீனின் வீட்டுக்குப் போனாள். ஆஸியா உம்மா பாய் போட்டு உட்காரவைத்தாள். டொரதி விஷயத்தைச் சொன்னாள்.

"சின்னதுல காதால சீழ் வந்த, டீச்சர். மருந்து ஊத்தி சொகமாகிட்ட எண்டு நெனச்ச. கூப்பிட்டா திரும்ப மாட்டான். சொல்வழி கேக்காத புள்ளையெண்டு அவங்க வாப்பா எத்தன தரம் அடிச்சிருப்பாரு."

"நானும் உங்ககிட்டத் தப்பாச் சொல்லிட்டேன் உம்மா. கணக்கு வராதுன்னு" என்றாள் டொரதி.

கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அந்தக் காது இனித் திரும்பாது, மற்றக் காதைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். தாஸிம் முன் வாங்குக்கு, வலது காது கரும்பலகைப் பக்கம் வரும்படி மாறினான். அதற்காக அவன் ஒன்றும் மேதையாகிவிடவில்லை. கழித்தலைப் பிடித்துக்கொண்டான், பிரித்தலில் தடுமாறினான். ஆனால் தடுமாறுகிற இடத்தைச் சத்தமாகச் சொன்னான். அவனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

மத்தியாஸ் மாஸ்டர் இதையெல்லாம் கரும்பலகைக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் மார்கிரட் ஆளனுப்பி டொரதியைத் தேத்தண்ணீருக்கு அழைத்தாள். போனால் விறாந்தையில் சிலேட்டு எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

அடுத்த பரீட்சையிலும் அவள் தவறினாள். இம்முறையும் வகுப்பில் அவளே சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "எந்த எடத்துல நிண்டீங்க டீச்சர்?" என்று கேட்டது. விகிதக் கணக்கில் என்றாள். அது என்ன கணக்கு என்று கேட்டார்கள். அந்தப் பாடவேளை முழுக்க அதைக் கரும்பலகையில் எழுதி விளக்கப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு அது விளங்கவில்லை. அவளுக்கு முன்பைவிடக் கொஞ்சம் விளங்கியது.

முப்பத்துநான்காம் ஆண்டு மழை பொய்த்தது. ஆற்றில் பாறைகள் தெரிய, தண்ணீர் குட்டை குட்டையாகத் தேங்கியது. கார்த்திகை மாதத்தில் கேகாலைப் பக்கமிருந்து மலேரியாக் காய்ச்சல் ஏறி வந்தது. நத்தார்ப் பண்டிகைக்குள் பிலிமத்தலாவையில் ஆள் விழாத வீடு அருமை. பாடசாலையை மூடினார்கள். வாங்குகளை ஓரமாக அடுக்கிவிட்டு அதே மண்டபத்தில் கொயினா மருந்தும் கஞ்சியும் கொடுத்தார்கள். டொரதியும் மார்கிரட்டும் கஞ்சி காய்ச்சினார்கள். அந்தோனியம்மா விறகு பார்த்துக்கொண்டாள்.

காய்ச்சல் தொடாத பிள்ளைகள் கஞ்சிக்கு வந்தார்கள். டொரதியின் வகுப்பு, அவளோடே மேலேறி, அப்போது ஐந்தாம் வகுப்பாகியிருந்தது. வந்தவர்கள் தாங்களாகவே, இன்றைக்கு யார் வரவில்லை என்று பார்க்கத் தொடங்கினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வராதவர்கள் வீட்டுக்கு இரண்டிரண்டு பேராகப் போய் வாசலில் நின்று விசாரித்துவிட்டு வந்து டொரதியிடம் சொல்லுவார்கள். சில தாய்மார் பிள்ளைகளை வெளியே விடக் கூடாது என்று சண்டைக்கு வந்தார்கள். அதுவும் நியாயந்தான். டொரதி அந்தப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஒரு காலை தாஸிம் ஓடிவந்தான். "வடிவம்மா வூட்ல கதவு தொறக்கல டீச்சர். நான் தட்டின. உள்ளுக்கு ஆள் ஈக்கிது."

மாஸ்டரும் டொரதியும் போனார்கள். அரிசிக் கடை பூட்டிக் கிடந்தது. பின்கதவால் போனால், அழகையா, அவர் மனைவி ரத்தினம்மா, வடிவம்மா மூவரும் தரையில் நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள். கடைக்குட்டிப் பையன் தாயின் பக்கத்தில் அசையாமல் கிடந்தான். அவன் முந்தின நாளே போய்விட்டிருந்தான். அரிசி வியாபாரியின் வீட்டில் அடுப்பு மூட்ட ஆளில்லை. ஆஸியா உம்மா வாளி நிறையக் கஞ்சி கொண்டுவந்து, அந்த வீட்டுச் சமையலறைக்குள் அதுவரை கால்வைக்காதவள், உள்ளே போய் நின்று மூவருக்கும் ஊட்டினாள். மருந்துக் கசப்பில் வடிவம்மா துப்பித் துப்பி எறிந்தாள். ஆஸியா உம்மா திரும்பவும் கொடுத்தாள். பிள்ளையைப் புதைக்கும் காரியத்தை மாஸ்டரும் மக்கீனும் பார்த்தார்கள்.

பாடசாலை திரும்பத் திறந்தபோது பல இடங்கள் காலியாக இருந்தன. நல்லம்மா என்ற சின்னப் பெண்ணும், வேறு சிலரும் இனி வரப்போவதில்லை. வடிவம்மா தலைமுடி உதிர்ந்து, வயிறு வீங்கி, குச்சிபோல வந்து சேர்ந்தாள். முதல் வாரத்திலேயே ஒரு கணக்கு வராமல் சிலேட்டைத் தரையில் அடித்தாள். "எனக்கு ஒண்ணும் வரல" என்று அழுதாள். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணக்கு நின்றுபோயிருந்தது. தாஸிம் எழுந்து வந்து அவள் வாங்கின் நுனியில் உட்கார்ந்தான். எங்கே நின்றது என்று அவன் கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது. அவள் பதில் சொல்ல வெகுநேரம் ஆனது. அவன் காத்திருந்தான். டொரதி அந்தப் பக்கம் போகவில்லை. மற்றவர்களுடைய சிலேட்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கண் கலங்கியதைத் துடைத்துக்கொண்டாள்.

அழகையா பிறகு ஒருநாள் பாடசாலைக்கு வந்தார். பழைய பேச்சைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வடிவம்மாவைக் கண்டியில் மேல்வகுப்பில் சேர்க்கலாமா, அவளுக்குத் தாங்குமா என்று டொரதியிடம்தான் கேட்டார். ஒரு வருஷம் பொறுத்துச் சேருங்கள், உடம்பு தேறட்டும் என்றாள். அப்படியே செய்தார். தாஸிம் ஐந்தாம் வகுப்போடு நின்று வாப்பாவின் கடையில் சேர்ந்துவிட்டான். அவன் இன்னும் இரண்டு வருஷம் படித்திருக்கலாம் என்பது டொரதியின் எண்ணம். மக்கீனிடம் போய்ப் பேசியும் பார்த்தாள். காய்ச்சலில் விட்ட வியாபாரத்தை நிமிர்த்த ஆள் வேண்டும் என்றார் அவர். 

அந்த வருஷப் பரீட்சையின்போது டொரதியே காய்ச்சலில் கிடந்தாள். முப்பத்தாறாம் ஆண்டு எழுதித் தேறினாள். கணக்கில் கரையேறும் அளவுக்குத்தான் கிடைத்திருந்தது. மத்தியாஸ் மாஸ்டர் முடிவைப் பார்த்துவிட்டு, இது போதும் என்பதுபோல, "ஓம், காணும்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது என்று மார்கிரட் சிரித்தாள்.

தராதரப் பத்திரம் கிடைத்த மறு வருஷம் அவளை அம்பிட்டியவில் ஒரு பாடசாலைக்கு மாற்றினார்கள். அம்மாவையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். மேட்டில் சின்ன வீடு. சுற்றிலும் சிங்களக் குடும்பங்கள். இத்தனை காலம் கடைவீதிச் சிங்களத்தை வைத்தே சமாளித்தவளுக்கு அங்கே அது போதவில்லை. பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் சிங்களம் பேசுகிறவர்கள். தாய்மார் வந்து ஏதாவது கேட்டால், பக்கத்து வகுப்பு ஆசிரியரைத் தேடி ஓட வேண்டியிருந்தது. அவள் சிங்கள அரிச்சுவடி ஒன்று வாங்கினாள். பக்கத்து வீட்டுப் பெண் மாலையில் வேலி ஓரமாக வந்து நின்று எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். டொரதி ஒரு எழுத்தை உச்சரித்தால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். டொரதியும் சிரித்துவிட்டு, அந்த எழுத்தை இன்னொரு தடவை சொல்லிப் பார்ப்பாள். உள்ளேயிருந்து அந்தோனியம்மா, சோறு ஆறுகிறது, வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படி என்று கூப்பிடுவாள்.